கிளட்ச் ஒயில் போன வழி

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற மெக்கானிக்கிடம் கைபேசி இருக்கக்கூடாது. இருந்தால் ஓய்வு பெயருக்குத்தான். வத்தேகமவில் கராஜ் வைத்திருக்கும் ரவி ஒரு காலத்தில் என்னோடு வேலை செய்தவன். அடிக்கடி போன் எடுப்பான். சுகம் விசாரிப்பதுபோல்தான் ஆரம்பிப்பான். அடுத்த மூச்சில் ஏதாவது ஒரு வண்டி வந்து நிற்கும்.

போன முறை வந்து நின்றது பெரிய மோட்டார் சைக்கிள். கேபிள் இல்லாமல் ஒயிலால் வேலை செய்கிற கிளட்ச்.

“அண்ணே, கிண்ணத்துல ஒயில் குறைஞ்சுகிட்டே போகுது. ஊத்துறேன், மறுபடி குறையுது. தரையில ஒரு சொட்டு இல்ல. எங்கதான் போகுது?”

வழக்கமான இடங்களைச் சொன்னேன். எல்லாம் பார்த்துவிட்டானாம்.

“அப்ப மூடியைத் திறக்குறதுக்கு முந்தி, மூடியை நல்லாப் பாரு” என்றேன்.

“மூடியில என்ன இருக்கு?” என்றான்.

முழங்கால் வலிக்கிறது, பிறகு பேசலாம் என்று வைத்துவிட்டேன். முழங்கால் எப்போதும்தான் வலிக்கிறது. அந்த மூடியைப் பற்றிப் பேச எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். போனில் சொல்லி முடிகிற கதையும் இல்லை. ஆகையால் எழுதுகிறேன். வேலை இல்லாத நேரத்தில் அவன் வாசித்துக்கொள்ளட்டும்.

நான் பன்வில பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். அப்பாவுக்குத் தேயிலைப் பெக்டரியில் வேலை. எனக்கு அது வேண்டாம் என்று கண்டிக்கு பஸ் ஏறி, கட்டுகஸ்தோட்டை வீதியில் நிஸ்தார் நானாவின் கராஜில் சேர்ந்தேன். வண்டி கழுவினேன், கிரீஸ் பூசினேன், திட்டு வாங்கினேன், மெக்கானிக் ஆனேன். இதில் விரித்து எழுத ஒன்றும் இல்லை. எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான் ஆகிறான்.

எழுதவேண்டியது நானாவைப் பற்றித்தான். அலவத்துகொடக்காரர். கராஜ் முழுக்க ஒயிலும் கரியுமாக இருக்கும், அவருடைய வெள்ளைச் சாரத்தில் மட்டும் ஒரு பொட்டு இருக்காது. சத்தம் போட மாட்டார். வண்டி ஒன்று உள்ளே வந்தால் யாரும் உடனே தொடக்கூடாது என்பது அவருடைய சட்டம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டும். அதற்குப் பிறகுதான் திருப்புளியை எடுக்கலாம்.

“கையை வெச்சா நீ பார்க்க மாட்டாய், சந்தனம். கழட்டத்தான் பார்ப்பாய்” என்று நான் சேர்ந்த புதிதில், என் பெயரைச் சொல்லி, ஒரு தரம் விளக்கம் சொன்னார். அப்புறம் விளக்கம் கிடையாது. “நானா, ஒயில் லீக் ஆகுது” என்று போய் நின்றால் “எங்க?” என்பார். “எஞ்சின் கீழ” என்றால் மறுபடியும் “எங்க?” என்பார். விரலை வைத்து இந்த இடம் என்று காட்டும்வரை அந்த ஒரு சொல்தான். சில நாட்களில் அந்த “எங்க?” என் கனவிலும் வந்து தொலைக்கும்.

எண்பத்து மூன்றில் கண்டி எரிந்தபோது, நானா என்னைத் தன் வானின் பின்னால் பழைய டயர்களுக்கு நடுவில் படுக்கவைத்து அலவத்துகொடவுக்குக் கொண்டுபோனார். ஊர் அடங்கும்வரை அவருடைய வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். திரும்பி வந்தபோது கராஜுக்கு எதிரே இருந்த தமிழருடைய புடவைக் கடை கரியாக நின்றது. நானா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வேலையைப் பாரு” என்றார். அதன் பிறகு நான் வேறு முதலாளியைத் தேடவில்லை.

யோகன் எங்களிடம் வந்தது பல வருடங்கள் கழித்து. யாழ்ப்பாணத்தவன். சண்டையில் வீடு போய், மனைவியோடு வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து கண்டிக்கு வந்தவன். என்னைவிட இளையவன். ஆனால் ரப்பர் சீல் போடுகிற வேலையில் எங்கள் எல்லாரையும்விட அவனுக்குக் கை சுத்தம். சீலைத் தொடுவதற்கு முன் முழங்கைவரை சவுக்காரம் போட்டுக் கழுவுவான். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பான். புது ஒயிலில் சீலைத் தோய்த்து, ஆயுதம் எதுவும் படாமல் பெருவிரலால் மட்டும் அமத்தி உள்ளே அனுப்புவான். அந்த நேரத்தில் அவனோடு பேசினால் பதில் வராது. நானா அவனிடம் “எங்க?” கேட்டதை நான் அதிகம் கேட்டதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்த பிறகு கண்டியில் தமிழ்ப் பெயரோடு நடமாடுவது பாரமாகிப் போயிற்று. சோதனைச் சாவடியில் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, பன்வில என்றால் விட்டுவிடுவார்கள். யோகனுடையதில் யாழ்ப்பாண முகவரி. அவனை பஸ்ஸிலிருந்து இறக்கி, ஓரமாக நிறுத்தி, எல்லாரும் போன பிறகுதான் விடுவார்கள். அவன் அதைப்பற்றிக் குறை சொல்ல மாட்டான். தாமதமாக வந்து, கையைக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடங்குவான்.

அந்த நாட்களில்தான் மந்திரிமாருக்குப் பாதுகாப்பாக முன்னால் ஓடுகிற பெரிய மோட்டார் சைக்கிள்கள் எங்களிடம் வரத் தொடங்கின. ரவிக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த வண்டிகளில் கிளட்ச் பிடியை அழுத்தினால் இழுபடுவதற்குக் கேபிள் இல்லை. இடப்பக்கக் கைபிடியில் சின்னக் கிண்ணம் ஒன்று இருக்கும். அதில் பிரேக் ஒயில். அதன் பக்கத்தில் சின்னக் கண்ணாடி வட்டம். ஒயில் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அதில் தெரியும். பிடியை அழுத்தினால் ஒயில் குழாய் வழியே இறங்கி, செயின் சில்லுக்குப் பக்கத்தில் இருக்கிற கீழ் சிலிண்டரைத் தள்ளும். கிளட்ச் விடும். ஒயில் இல்லாவிட்டால் பிடி சும்மா தொளதொளவென்று ஆடும், கிளட்ச் விடாது. கியர் மாற்ற முடியாது, நிற்கவும் முடியாது.

அப்படி வந்த வண்டிகளில் ஒன்றை ஓட்டியவர் பொலிஸ்காரர் திலகே. பருத்த, சிரித்த முகக்காரர். அவருடைய வண்டியில் ஒயில் குறைந்தது. கீழ் சிலிண்டரின் சீல் தேய்ந்திருந்தது. யோகன் புது சீல் போட்டான். கொஞ்ச நாளில் மறுபடியும் குறைகிறது என்று வந்தார். யோகன் எல்லாவற்றையும் பார்த்தான், ஒயில் ஊற்றினான், குழாய்க்குள் நின்ற காற்றை எடுத்தான், கொடுத்தான். ஏன் குறைந்தது என்று நானா கேட்டதற்கு, “விளங்கேல்லை நானா, இன்னொருக்கா வந்தால் கழட்டிப் பாப்பம்” என்றான். அவன் அப்படிச் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இன்னொரு முறை வண்டி வந்தது லொறியில். ஒரு மந்திரி ஏதோ திறப்பு விழாவுக்காகப் பன்வில பக்கம் போயிருக்கிறார். வத்தேகம இறக்கத்தில், மழை ஈரத்தில், முன்னால் ஓடிய திலகேக்குக் கிளட்ச் பிடி வெறுமையாகப் போயிருக்கிறது. கிளட்ச் இல்லாமல் கியரைக் குறைக்கப் பார்த்திருக்கிறார். பின் சில்லு பூட்டிக்கொண்டது. வலப்பக்கமாக விழுந்து தோள் எலும்பு முறிந்தது. பின்னால் வந்த மந்திரியின் ஜீப் அவரை மிதிக்காமல் மயிரிழையில் நின்றிருக்கிறது.

மறுநாள் காலை லொறியோடு இன்ஸ்பெக்டர் ஒருவரும் வந்தார். நிதானமான மனிதர்தான். பேசியதெல்லாம் சிங்களத்தில். கிண்ணத்தின் கண்ணாடி வட்டம் வெறுமையாக இருப்பதைக் காட்டினார். மூடியின் இரண்டு திருகாணிகளும் புதிதாகக் கீறப்பட்டிருப்பதைக் காட்டினார். யாரோ திறந்திருக்கிறார்கள்.

“கடைசியாக இதில் வேலை செய்தது யார்?”

யோகன் சவுக்காரக் கையோடு முன்னால் வந்தான். கையைத் துடைக்கக்கூட விடவில்லை, ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

நானா ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டார். “சேர், வண்டியை நாங்க பார்க்கிறோம். உங்க ஆள் ஒருத்தரை முன்னால நிறுத்துங்க. ஒயில் எங்க போச்சுன்னு காட்டுறோம்.”

இன்ஸ்பெக்டர் யோசித்தார். “மத்தியானத்துக்குப் பிறகு கொழும்புக்கு வாகனம் போகிறது. அதற்கு முன் காட்டினால் பார்க்கலாம். மூடியை மட்டும் தொடக்கூடாது, அது சாட்சி” என்று சொல்லி, மூடியின் மேல் பிளாஸ்டர் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். ஒரு சார்ஜன்டைக் கதிரையில் உட்கார வைத்துவிட்டுப் போனார்.

கொழும்புக்குப் போனால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். அந்த வருடங்களில் அப்படிப் போன ஆட்களின் மனைவிமார் கையில் படத்தோடு காரியாலயம் காரியாலயமாக ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறோம். யோகனின் மனைவி சுகந்தி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. செய்தி கேட்டு வந்து கராஜ் வாசலில் நின்றாள். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

நானா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். நானும் கட்டிக்கொண்டேன். சார்ஜன்ட் எங்களை விநோதமாகப் பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். நானா ஆணிகளைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“யோகனுட திருப்புளி இப்பிடிக் கடிக்காது. இது கத்தி முனையால திறந்தது.”

“வேண்டுமென்றே கத்தியால் திறந்திருப்பான்” என்றார் சார்ஜன்ட். அவருக்குத் தமிழ் விளங்கும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதன் பிறகு இருவரும் பேச்சைக் குறைத்தோம்.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தினேன். சவுக்காரத் தண்ணீரால் கழுவினேன். பிரேக் ஒயில் தண்ணீரில் கரைந்துபோகும், பழைய ஈரம் எதுவும் மிஞ்சக்கூடாது. துணியால் ஒற்றிக் காயவைத்தேன். மூடியைத் திறக்கக்கூடாது, ஒயில் எப்படி ஊற்றுவது? நானா பார்மசியிலிருந்து பெரிய ஊசிக்குழல் ஒன்று வாங்கிவரச் செய்தார். கீழ் சிலிண்டரில் காற்று எடுக்கிற சின்ன முலை ஒன்று உண்டு. அதன் வழியாக ஒயிலைக் கீழிருந்து மேலே ஏற்றினேன். கண்ணாடி வட்டத்தில் மெல்ல மெல்ல மட்டம் ஏறி வந்தது. பிடி இறுகியது.

பிறகு பவுடர். நானா முகத்துக்குப் போடுகிற அதே வாசனைப் பவுடர்தான். குழாய் மூட்டு, கீழ் சிலிண்டர், பிடியின் அடியில் இருக்கிற ரப்பர், மூடியின் விளிம்பு என்று எல்லா இடத்திலும் ஊதிவிட்டேன். ஒயில் எங்கே கசிந்தாலும் அந்த இடத்தில் பவுடர் கறுத்துப்போகும். பழைய டியூப் துண்டால் கிளட்ச் பிடியை அழுத்திக் கட்டி, அப்படியே விட்டேன். உள்ளே அழுத்தம் நின்றது. நாங்களும் நின்றோம்.

வெயில் ஏறியது. நான் குப்புறப் படுத்துக் கீழ் சிலிண்டரைப் பார்த்தேன். யோகன் போட்ட சீலைச் சுற்றிப் பவுடர் அரிசிமாவைப்போல் வெள்ளையாக இருந்தது. குழாய் மூட்டுக்கள் வெள்ளை. பிடி ரப்பர் வெள்ளை. எஞ்சினுக்குள் போகிறதோ என்று எஞ்சின் ஒயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தோம். அதிலும் கலப்பு இல்லை.

“ஒரு இடத்துலயும் இல்ல நானா” என்றேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. யோகனின் வேலையில் ஒரு குறையும் இல்லை.

சார்ஜன்ட் கதிரையிலிருந்து எழுந்தார். “அப்படியென்றால் தானாகப் போகவில்லை. யாரோ கையால் எடுத்திருக்கிறான்” என்றார்.

என் சந்தோஷம் அந்த இடத்திலேயே செத்தது. லீக் இருந்தால் அது பிழை. லீக் இல்லாவிட்டால் அது சதி. யோகனின் வேலை சுத்தம் என்று நிரூபித்ததன் மூலம் நானே அவனைக் கொழும்பு வாகனத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்ற சுகந்தியைத் திரும்பிப் பார்க்க எனக்கு முகம் இல்லை. நானா “எங்க?” என்று கேட்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்க மாட்டாரா என்று முதல் தடவையாக ஏங்கினேன்.

வேறு வழி தெரியாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மறுபடியும் சுற்றினேன். அப்போதுதான் பெற்றோல் டாங்கியின் மேல் போட்டிருந்த ரெக்சின் உறையின் இடது மூலை கொஞ்சம் உப்பியிருப்பது கண்ணில் பட்டது. உறையைத் தூக்கினேன். அடியில் பெயின்ட் கொப்புளித்து உரிந்திருந்தது. பிரேக் ஒயில் பெயின்டைத் தின்னும். அப்படியானால் ஒயில் மேலிருந்துதான் சொட்டியிருக்கிறது. மழையில் நனைந்து கழுவப்பட்டிருக்கிறது, உறைக்குள் போனது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

திலகே வண்டியை எப்படி நிறுத்துவார் என்று யோசித்தேன். அவர் நடு ஸ்டாண்ட் போட்டு நான் பார்த்ததே இல்லை. எப்போதும் பக்க ஸ்டாண்ட்தான், இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். நாங்களோ காலையிலிருந்து வண்டியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு பார்க்கிறோம். வண்டியை இறக்கி, பக்க ஸ்டாண்டில் சாய்த்து, எஞ்சினை ஓடவிட்டேன். கைபிடி நடுங்கியது. மூடியின் விளிம்பில், பின்பக்கம், பவுடரில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது. கடுகளவு. பிறகு மிளகளவு.

முகத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். மூடிக்கும் கிண்ணத்துக்கும் நடுவிலிருந்து, அழுக்கோடு அழுக்காக, நூல் நுனி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல அது ஒயிலை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டிருந்தது.

அது என்ன நூல் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. கண்டியில் இருக்கிற யாருக்கும் விளங்கும். விகாரையில் பிரித் ஓதி, காவலுக்காகக் கையில் கட்டிவிடுகிற வெள்ளை நூல். நானாவைக் கண்ணால் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், என்னைப் பார்த்தார். பிரித் நூலால்தான் ஆள் விழுந்தான் என்று சொல்லப்போவது யார்? முஸ்லிம் முதலாளியா, தோட்டத்துத் தமிழனா? அதுவும் எந்த ஊரில், எந்தக் காலத்தில்?

“நானா, நூலைச் சத்தமில்லாம இழுத்துறலாமா?” என்று காதுக்குள் கேட்டேன்.

“இழுத்தா யோகனுக்காகக் காட்டுறதுக்கு என்ன ஈக்குது?” என்றார். “நாம வாயால செல்லக்கூடாது. அவர் பார்க்கணும்.”

இன்ஸ்பெக்டர் வந்தார். நானா அவரை வண்டிக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய், கறுத்த இடத்தைக் காட்டினார். நூல் என்று சொல்லவில்லை.

“சேர், ஒயில் இந்த வழியாத்தான் போகுது. மூடி உங்க சாட்சி. நாங்க தொட மாட்டோம். நீங்களே உங்க கையால திறங்க.”

திருப்புளியைத் துடைத்து, பிடியை அவர் பக்கம் திருப்பிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் பிளாஸ்டரை உரித்து, இரண்டு ஆணிகளையும் கழற்றி, மூடியைத் தூக்கினார். அடியில் இருந்த ரப்பரின் விளிம்பைச் சுற்றி, ஒயிலில் ஊறிய நூல். ஒன்றல்ல, முடிச்சு முடிச்சாகச் சில நூல்கள், பழையதின் மேல் புதியது.

சார்ஜன்ட் தன்னையறியாமல் கைகூப்பினார். இன்ஸ்பெக்டரின் வலது மணிக்கட்டில், சட்டைக் கையின் விளிம்புக்குக் கீழே, அதே வெள்ளை நூல் தெரிந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“திலகேயின் அம்மா” என்றார் சார்ஜன்ட் மெதுவாக. “மூத்த மகன் வடக்கில் செத்ததிலிருந்து பௌர்ணமிப் போயா தவறாமல் நூல் கொண்டுவந்து கொடுப்பார். வண்டியில் எதையும் கட்டக்கூடாது என்று எங்களுக்குக் கட்டளை. அதனால்தான் உள்ளே வைத்திருக்கிறான்போல.”

இன்ஸ்பெக்டர் நூலை ஒவ்வொன்றாக எடுத்தார். நான் துணி நீட்டினேன். வேண்டாம் என்று தன் கைக்குட்டையை விரித்து அதில் வைத்து மடித்தார்.

“இதை நான் எழுத முடியாது” என்றார் கடைசியில். “எழுதினால் அந்தத் தாயின் காதுக்கும் போகும். உங்கள் கராஜில் பிரித் நூலின் மேல் பழி போட்டார்கள் என்று வீதிக்கும் போகும். நாளைக்கு இந்தக் கூரை இருக்காது. மூடி ரப்பர் சரியாகப் பொருந்தவில்லை, மெக்கானிக்கின் கவனக்குறைவு என்று எழுதுகிறேன். அவன் கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம். கவனக்குறைவுக்கு யாரும் கொழும்புக்குப் போவதில்லை.”

செய்யாத பிழையை ஒரு மெக்கானிக்கின் பெயரில் ஏற்றுவதை நானா வாழ்நாளில் அனுமதித்ததில்லை. வாசலைப் பார்த்தார். சுகந்தி இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

“எழுதுங்க சேர்” என்றார்.

அவர்கள் போன பிறகு நானா குழாயடியில் போய்க் கை கழுவினார். சுத்தமாக இருந்த கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

பொலிஸுக்கு நான்தான் போனேன். யோகனைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார்கள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. அவனுக்குச் சிங்களம் வாசிக்க வராது. நான் வாசித்து, தமிழில் சொன்னேன்: ரப்பரைச் சரியாகப் பொருத்தாதது என்னுடைய கவனக்குறைவு. சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவன் ஒரு கேள்வியும் கேட்காமல் பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்து பாலத்துப் பக்கமாக நடந்தபோது கேட்டேன், “மூடிக்குள்ள நூல் இருந்துச்சே, நீ பார்த்தியா?”

“ஓம் அண்ணை, கண்டனான். ரெண்டாந்தரம் வண்டி வரேக்க.”

“ஏன் எடுக்கல?”

“எப்பிடி எடுக்கிறது? அவையளின்ர கும்பிடுற நூல். எடுத்தால் பாவம். யாழ்ப்பாணத்தான் எடுத்து எறிஞ்சவன் எண்டு தெரிஞ்சால் அதைவிடப் பாவம். இதாலதான் ஒயில் போகுதோ எண்டு மனதில ஒரு சந்தேகம் இருந்தது. ஆனா கை வரேல்லை. இருந்தபடியே மடிச்சு வைச்சு மூடிப்போட்டன்.”

“உள்ள வெச்சு அடிச்சப்பவாவது சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தால் இன்னும் அடிச்சிருப்பினம்” என்றான்.

அந்தப் பெரிய வண்டிகள் பிறகு எங்களிடம் வரவில்லை. கவனக்குறைவான கராஜுக்கு யார் அனுப்புவார்கள்? எலும்பு கூடிய பிறகு திலகே ஒரு நாள் சாதாரண உடுப்பில் வந்தார். யோகன் எங்கே என்று கேட்டார். போய்விட்டான் என்றேன். அம்மா கொடுத்ததை வெளியே கட்ட முடியாமலும் எறிய முடியாமலும் கத்தி முனையால் மூடியைத் திறந்து வைத்ததாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யோகனைப் பிடித்தது தனக்குத் தெரியாது என்றார். நம்பினேன். பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டுப் போனார். அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அந்தக் களைப்பு இன்னும் தீரவில்லை.

யோகன் போனது அவன் வெளியே வந்த கிழமையே. வெளிநாட்டில் சொந்தக்காரர் யாரோ இருந்தார்கள், அதற்கு முதல் கொழும்பில் போய் இருக்கவேண்டும் என்றான். கராஜுக்கு வந்து நானாவிடம் சொல்லிக்கொண்டான். நானா அவன் தோளைத் தொட்டார். கைப்பெட்டியோடு சுகந்தி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவன் மட்டும் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றான்.

“அண்ணை, ஒண்டு கேக்கிறன். கீழ நான் போட்ட சீல்... அது கசியேல்லைத்தானே?”

அடிபட்ட கன்னத்தில் வீக்கம் அப்போதும் முழுதாக வற்றியிருக்கவில்லை. பிழை தன்னுடையது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன், இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

“பவுடர் போட்டுப் பார்த்தேன் யோகன். ஒரு சொட்டு இல்ல. அப்படியே வெள்ளையா இருந்துச்சு.”

“அது போதும்” என்றான். நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு ஏறினான்.

அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் சார்ஜன்ட் கதிரையிலிருந்து எழுந்தார் என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை.